பிழை யாருடையது? – மார்கரெட் ஹாமில்டனும் நூல் கோத்த பெண்களும்

1

1956 நவம்பர் 23 விடிகாலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ் வண்டி அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் விழுந்தது. மழை வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணையமைச்சராக இருந்த ஓ.வி. அழகேசனின் பெயரை அரியலூரோடு சேர்த்து எதுகை மோனையில் கோத்த முழக்கம் தி.மு.க. மேடைகளில் ஏறியது. எங்கள் பக்கத்துப் பெரிசுகள் இன்றைக்கும் அதை ராகத்தோடு சொல்வார்கள்.

இந்தச் சாவுகளை வரலாறு இரண்டு விதமாக எடுத்துவைத்திருக்கிறது. ஒன்று பள்ளிக்கூடப் பாடம்: பொறுப்பேற்ற பெருந்தகையின் கதை. மற்றது மேடைப்பேச்சு: பொறுப்பற்ற ஆட்சியாளரின் கதை. இரண்டும் எதிரெதிரானவை போலத் தெரிந்தாலும் கட்டமைப்பில் ஒன்றுதான். பிழை என்று ஒன்று நடந்துவிட்டால் அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைத்துவிட்டால் கேள்வி முடிந்துவிடும். பாலம் எப்படிக் கட்டப்பட்டது, வெள்ளம் வருமென்று யாருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தவர் சொன்னால் கேட்க ஓர் ஏற்பாடு இருந்ததா என்பதெல்லாம் விசாரணைக் கோப்புகளுக்குப் போய்ச்சேரும். கோப்புகளை யார் படிக்கிறார்கள்?

அந்த விபத்து நடந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், உலகத்தின் இன்னொரு மூலையில், ஒரு பெண் இதே கேள்வியை வேறு இடத்திலிருந்து கேட்டாள். மனிதர்கள் தவறு செய்வார்கள் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டு ஒரு பொறியை அமைத்தால் என்ன என்பது அவள் கேள்வி. மார்கரெட் ஹாமில்டன் என்ற அந்தப் பெண்ணின் வேலைக்கு அப்போது பெயர்கூட இல்லை. பின்னால் வந்த பெயர் மென்பொருள் பொறியியல். நிலவுக்கு ஆள் அனுப்பிய மகத்தான அமெரிக்காவின் மகத்தான பெண்மணி என்று அவரைக் கொண்டாடுவதற்காக இதை எழுதவில்லை. அந்த வேலையை வார இதழ்களும் பொம்மைக் கம்பெனிகளும் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டன. பருத்தியும் சுண்ணாம்புக்கல்லும் பொறியியல் கல்லூரிகளும் விளைகிற பெரம்பலூர் – அரியலூர் மண்ணிலிருந்து அவர் தொழில்வாழ்க்கையை வாசித்தால் என்ன தெரிகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

2

முதலில் ஒரு பொதுப்புத்தியை ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. கணினி ஆண்களின் துறை, பெண்கள் பிற்பாடு கஷ்டப்பட்டு உள்ளே நுழைந்தார்கள் என்பது அது. நடந்தது ஏறக்குறைய தலைகீழ். ‘கம்ப்யூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லே முதலில் கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அந்த ஆட்களில் பெரும்பாலோர் பெண்கள். எனியாக் என்ற பெரும் மின்னணுக் கணினிக்கு முதலில் நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1946 பிப்ரவரியில் அதை உலகுக்குக் காட்டி விருந்து வைத்தபோது அந்த ஆறு பேருக்கும் அழைப்பு இல்லை. பொறியைக் கட்டுவது வன்மையான வேலை, ஆகவே ஆண்களுடையது. அதை ஓட்டுவதற்கான கட்டளைகளை எழுதுவது எழுத்தர் வேலை, ஆகவே பெண்களுடையது. வன்பொருள், மென்பொருள் என்று நாம் தமிழில் ஆக்கிக்கொண்ட சொற்களிலேயே இந்தப் பாலினப் பாகுபாடு படிந்துகிடக்கிறது.

1967இல் காஸ்மோபாலிட்டன் என்ற பெண்கள் பத்திரிகை, கணினிப் பெண்கள் என்று கட்டுரை வெளியிட்டு இளம்பெண்களை இந்த வேலைக்குக் கூப்பிட்டது. கோபால் மொழியின் முன்னோடியான கிரேஸ் ஹாப்பர், நிரலெழுதுவதை விருந்துக்குச் சமையல் திட்டமிடுவதோடு அதில் ஒப்பிட்டிருந்தார். அடுத்த ஆண்டு, 1968 அக்டோபரில், நேட்டோ அமைப்பின் ஆதரவில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நிபுணர்கள் கூடினார்கள். அந்த மாநாட்டின் தலைப்பு மென்பொருள் பொறியியல். நிரல்கள் காலத்தில் முடிவதில்லை, பிழைகள் மலிந்திருக்கின்றன, இதற்கெல்லாம் பொறியியலின் ஒழுங்கு வேண்டும் என்று பேசினார்கள். சமையலறை உவமைக்கும் பொறியியல் பெயருக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் ஆண்டு. ஒரு வேலைக்கு மதிப்பும் சம்பளமும் ஏறும்போது அதன் பெயர் மாறுகிறது. பெயர் மாறும்போது ஆளும் மாறுகிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் 37 விழுக்காட்டைத் தொட்டுப் பிறகு பாதியாகச் சரிந்ததை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும்.

ஹாமில்டன் இந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர். 1936இல் இண்டியானாவில் ஒரு சிற்றூரில் பிறந்தார். 1958இல் கணிதப் பட்டம். கல்யாணம், 1959இல் ஒரு பெண்குழந்தை. உயர்கணிதம் படிக்க நினைத்தவர், குடும்பத்தின் தேவைக்காக மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். நிரலெழுதக் கற்றுத்தரப் பள்ளியோ பாடமோ கிடையாது, அவரே கற்றுக்கொண்டார். சிறு மாறுதல் பெருங்குலைவாக விரியும் என்ற லோரன்ஸின் ‘கேயாஸ்’ கோட்பாடு பிறந்தது அந்த அறையில்தான். ஹாமில்டன் விலகியபோது அவரிடம் வேலை பழகிய எல்லன் ஃபெட்டர் அந்த இடத்துக்கு வந்தார். 1963இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் ஃபெட்டர் எங்கே இருக்கிறார்? கடைசியில், நன்றியுரையில். தமிழ் ஆய்வேடுகளின் முன்னுரைகளைப் புரட்டிப் பழகிய நமக்கு இது புதிதில்லை. தட்டச்சு செய்துகொடுத்த மனைவி இருக்கும் இடமும் அதுதானே!

அடுத்து 1961 முதல் 63 வரை, சோவியத் விமானங்களைக் கண்காணிக்கும் சேஜ் என்ற ராணுவத் திட்டம். அங்கே புதிதாக வருபவருக்கு, யாராலும் ஓட்டமுடியாத ஒரு நிரலைக் கொடுத்துச் சோதிப்பார்களாம். குறிப்புகளைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதிவைத்த நிரல். தான் அதை ஓடவைத்ததாக ஹாமில்டன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அப்பல்லோ. நிலவுப் பயணத்துக்கான வழிகாட்டுக் கணினியைச் செய்யும் பொறுப்பு 1961லேயே மாசாசூசெட்ஸ் கழகத்தின் கருவியியல் ஆய்வகத்துக்குத் தரப்பட்டிருந்தது. அந்தத் தொடக்க ஒப்பந்தத்தில் மென்பொருளைப் பற்றிப் பேச்சே இல்லை. யாரோ ஒருவர் போகிறபோக்கில் எழுதிவிடுவார் என்று விட்டிருக்கலாம். சில வருஷத்துக்குள் அதுவே நூற்றுக்கணக்கான பேரை விழுங்கும் வேலையாயிற்று. அதில் பறத்தல் மென்பொருளுக்குப் பொறுப்பாக உயர்ந்தவர் ஹாமில்டன்.

தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்தது முக்கியமில்லாத வேலை. ஆளில்லாப் பயணம் ஒன்று பாதியில் கைவிடப்பட்டால் என்ன செய்வது என்பதற்கான நிரல். அப்படி நடக்கவே நடக்காது என்று எல்லோரும் நம்பியதால் அதற்கு ‘மறந்துவிடு’ என்ற பொருளில் ‘ஃபர்கெட் இட்’ என்று பெயர் வைத்தார். நடந்தது. அன்றைக்கு அந்த நிரலைத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

3

இந்தத் தொழில்வாழ்க்கையின் மையமான சம்பவம் நிலவில் நடக்கவில்லை. ஒரு குழந்தையின் விளையாட்டில் நடந்தது.

இரவிலும் விடுமுறை நாளிலும் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் மகள் லாரனையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத எந்தத் தாயும் செய்வதுதான். நம்மூரில் சித்தாள் வேலைக்குப் போகிற பெண் மரக்கிளையில் தூளி கட்டுகிறாள். அங்கே கணினி அறை. ஒருநாள் சிறுமி விண்வெளிக் கணினியின் விசைகளைத் தட்டி விளையாடினாள். ஓடிக்கொண்டிருந்த போலிப்பயணம் நின்றுபோயிற்று. பார்த்தால், விண்கலம் நடுவழியில் பறந்துகொண்டிருக்கும்போது, புறப்படுவதற்கு முன்பு ஓட்டவேண்டிய பி-01 என்ற நிரலைப் பிள்ளை தேர்ந்தெடுத்துவிட்டிருக்கிறாள்.

சிறுமி செய்வதை விண்வெளி வீரரும் செய்யலாமே என்று தாய் யோசித்தார். அந்த நேரத்தில் அந்த விசையை அழுத்தினால் ஏற்காதபடி ஒரு தடுப்பை நிரலில் சேர்க்கிறேன் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். சொன்ன காரணம் என்ன தெரியுமா? விண்வெளி வீரர்கள் தவறே செய்யாதபடி பயிற்சி பெற்றவர்கள்! கடைசியில், பறக்கும்போது பி-01ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று ஆவணத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுத முடிந்தது.

1968 டிசம்பரில் அப்பல்லோ 8 நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜிம் லவல் என்ற தேர்ந்த வீரர், பயிற்சியில் குறையில்லாத வீரர், ஒரு நட்சத்திரத்தின் எண்ணைக் கொடுக்கப்போய் பி-01ஐத் தேர்ந்தெடுத்துவிட்டார். கலம் எங்கே, எந்தத் திசையில் இருக்கிறது என்ற விவரம் அழிந்தது. தரையிலிருந்தவர்கள் பதறி, விவரங்களைத் திரும்ப ஏற்றி, கலத்தின் திசையை மறுபடி சரிசெய்தார்கள். அதன் பிறகுதான் தடுப்புக்கு அனுமதி கிடைத்தது.

தவறே செய்யாத வீரன் என்பது வெறும் தொழில்நுட்ப மதிப்பீடு இல்லை. அது ஒரு புனைவு. ராணுவத்தனமான ஆண்மையின் புனைவு. இந்தப் புனைவு நிலைக்க வேண்டுமானால் தவறு எப்போதும் வேறொருவருடையதாக, கீழே இருப்பவருடையதாக இருக்க வேண்டும். ஹாமில்டன் செய்தது இந்தப் புனைவைக் கட்டவிழ்ப்பது. ‘தவறு நடக்கும், நடந்தால் என்ன செய்வது என்பதைப் பொறிக்குள்ளேயே எழுதிவை’ என்பது பார்ப்பதற்கு எளிய யோசனை. ஆனால் அது பிழையை ஆளிடமிருந்து பிடுங்கி அமைப்பின் கணக்கில் எழுதுகிறது. அந்த அளவில் அது அரசியல்.

1969 ஜூலை 20. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது 1202, 1201 என்று எச்சரிக்கைகள் வந்ததும், கணினிக்குத் தாங்கமுடியாத வேலைச்சுமை ஏறியதும் பலருக்குத் தெரிந்த கதை. கணினி அப்போது படுத்துவிடவில்லை. அவசரமில்லாத வேலைகளை உதறிவிட்டு, இறக்குவதற்கு வேண்டிய வேலைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பப் புதிதாகத் தொடங்கியது. அப்படித்தான் அதை எழுதியிருந்தார்கள். 1971இல் ஒரு கணினி இதழுக்கு எழுதிய கடிதத்தில் ஹாமில்டன் இதைத்தான் வலியுறுத்தினார்: கணினி பிழையைக் கண்டுகொண்டது மட்டுமில்லை, அதிலிருந்து மீளவும் அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது.

சுமை ஏன் ஏறியது? வீரர்களின் செய்முறைப் பட்டியலில் ஒரு விசையின் நிலை தவறு என்று முதலில் சொன்னார்கள். பின்னால் தெரிந்தது இன்னும் சுவையானது. ரேடாருக்கும் கணினிக்கும் வந்த இரண்டு மின்சாரங்களின் அதிர்வெண் ஒத்திருக்க வேண்டும் என்று ஆவணம் சொன்னது. அவை ஒரே தாளத்தில் அடியெடுத்துவைக்க வேண்டும் என்று சொல்ல மறந்தது. ரேடார்க்காரர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். கணினிக்காரர்களும் அப்படியே. பிழை இரண்டு பேருக்கும் நடுவே இருந்தது. இருவருக்கும் சொந்தமில்லாத இடம் அது. பிற்காலத்தில் அப்பல்லோவின் பிழைகளை எல்லாம் அடுக்கிப் பார்த்த ஹாமில்டன், அவற்றில் பெரும்பகுதி இப்படி ஒன்று மற்றொன்றைச் சந்திக்கும் இடத்துப் பிழைகள்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

மருதையாற்றில் நின்றுகொண்டு இதை யோசித்துப் பாருங்கள். பாலத்துக்கு ஒரு துறை, ஆற்றுக்கு ஒரு துறை, வண்டிக்கு ஒரு துறை. சாவு நடுவில் நடந்தது.

இன்னொன்றையும் யோசிக்கலாம். 2017இல் அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 வாங்கியவர், நீட் தேர்வுமுறைக்கு எதிராக உச்சநீதிமன்றம்வரை போய், செப்டம்பர் முதல் தேதியன்று நம்மைவிட்டுப் போனார். அப்போது ‘அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் தயார் பண்ணியிருக்கலாம்’ என்று பேசியவர்கள் இருந்தார்கள். மாநிலப் பாடத்திட்டம் ஒருபக்கம், மத்தியத் தேர்வு மறுபக்கம், நடுவே ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் மகள். இரண்டு அமைப்புகளின் இடைவெளியில் இருந்த பிழையை ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கணக்கில் எழுதினார்கள். ‘பயிற்சி பெற்றவர் தவறு செய்யமாட்டார்’ என்ற வாக்கியத்தின் மறுபக்கம் இது: தோற்றவர் பயிற்சி பெறாதவர்.

4

இதுவரை சொன்னதில் ஒரு பெண் தெரிகிறாள். இப்போது தெரியாத பெண்கள்.

ஹாமில்டனின் குழு எழுதிய நிரல் காகிதத்தில் இருந்தது. அதைக் கணினிக்குள் எப்படி வைப்பது? அப்பல்லோ கணினியின் நிலையான நினைவகத்துக்குக் கயிற்று நினைவகம் என்று பெயர். சின்னச்சின்னக் காந்த வளையங்கள். அவற்றினூடே மெல்லிய கம்பி. வளையத்துக்குள் நுழைந்து போனால் ஒன்று, வெளியே ஒதுங்கிப் போனால் சுழி. அவ்வளவுதான் எழுத்து. ஒரு பெட்டகத்தில் 512 வளையங்கள், வளையத்துக்குப் பன்னிரண்டு சொற்கள், மொத்தம் ஆறு பெட்டகங்கள்: 36,864 சொற்கள். நிலவுக்குப் போய்வர இது போதுமானதாக இருந்தது.

இதைக் கோத்தவர்கள் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரிலிருந்த ரேதியான் கம்பெனித் தொழிற்சாலைப் பெண்கள். நெசவாலைகளும் கடிகாரத் தொழிற்சாலையும் இருந்த வட்டாரம் அது. அந்த வேலைகளில் பழகிய கைகள் இங்கே வந்தன. ஒருத்தி ஊசியை இப்பக்கமிருந்து தருவாள், எதிரே உட்கார்ந்திருப்பவள் வாங்கித் திருப்புவாள். ஒரு நிரலைக் கோத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஒரு கம்பி தவறினால் ஒரு கட்டளை தவறும். கோத்து முடித்துவிட்டால் மாற்றவும் முடியாது. ஆகவேதான் நிரலைக் காலத்தோடு எழுதிமுடித்து, பிழையறச் சோதித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பொறியியலின் ஒழுங்கு என்று கார்மிஷில் பேசினார்களே, அதன் பொருளாதாய அடித்தளங்களில் ஒன்று இந்தப் பெண்களின் விரல் வேகம். பொறியாளர்கள் இந்த நினைவகத்துக்கு வைத்த செல்லப்பெயர் ‘எல்.ஓ.எல்.’ விரித்தால் ‘சின்னக் கிழவி’ நினைவகம். வேடிக்கைக்குச் சொன்னதுதான். வேடிக்கையில்தானே படிநிலை வெளியே வருகிறது!

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வராமல் இருக்காது. நூல் என்ற சொல் நமக்கு இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நன்னூல் பாயிரத்தில் பவணந்தியார் இந்த இரண்டையும் முடிச்சுப் போடுகிறார். சொல்லைப் பஞ்சாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் வைத்து உருவகம் செய்கிறவர், நூல் செய்யும் புலவனை நூற்கும் பெண்ணின் இடத்தில் உட்காரவைக்கிறார். அதோடு விடவில்லை. தச்சன் பிடிக்கும் நூல் மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பதுபோல நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்கிறார். பிழை திருத்தும் கருவியாக நூல்! மென்பொருளுக்கு இதைவிட நல்ல இலக்கணம் கிடைக்குமா என்று துள்ளத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்ற பெருமிதப் பேச்சு நமக்கு வேண்டாம். உருவகத்தில் பெண் வருகிறாள்; நூலுக்குள் வருகிறாளா? சங்கப் பாடல்களில் பருத்தி நூற்கும் பெண்கள் வருகிறார்கள்; ஆணில்லாத பெண்டிர் என்றே அவர்களை அடையாளம் காட்டுகிறார்கள். பிழைப்புக்கு வழியற்றவளின் வேலை புலவனுக்கு உவமையாக உதவுகிறது. புலவனின் வேலை அவளுக்கு எதற்கும் உதவவில்லை. உவமை ஒருவழிப் பாதை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1965 முதல் 1975 வரை ஃபேர்சைல்ட் என்ற மின்னணுக் கம்பெனி நியூமெக்சிகோவில் ஷிப்ராக் என்ற இடத்தில் நவாஹோப் பழங்குடிப் பெண்களை வேலைக்கு வைத்துச் சில்லுகள் செய்தது. அவர்கள் பரம்பரையாக நெய்யும் கம்பளத்தின் வடிவங்களும் சில்லின் வடிவமும் ஒன்றுபோல இருப்பதாகக் கம்பெனி விளம்பரப் பிரசுரம் போட்டது. லிசா நாகமுரா 2014இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பிரசுரத்தை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறார்: குறைந்த கூலிக்குக் கிடைக்கும் உழைப்பை இயற்கையான கைத்திறன் என்று அழைத்தால் அதற்குக் கூலி உயர்த்த வேண்டியதில்லை. 1981லேயே டயான் எல்சனும் ரூத் பியர்சனும் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள், சுறுசுறுப்பான விரல்கள் மலிவான தொழிலாளிகளை உண்டாக்குகின்றன என்று. ஜெயங்கொண்டம் பக்கம் தறிக்குழிக்குள் கணவன் கால் மிதிக்க, வெளியே உட்கார்ந்து தாரு சுற்றிக்கொடுக்கிற பெண்ணிடம் போய்ச் சொல்லிப்பாருங்கள், ‘உன் வேலைதான் கம்ப்யூட்டர்’ என்று. ‘கூலி எவ்வளவு?’ என்று கேட்பாள். சரியான கேள்வி.

5

அப்படியானால் ஹாமில்டனை எங்கே வைப்பது?

அப்பல்லோவுக்குப் பிறகு, 1976இல், சேடீன் ஜெல்டின் என்ற இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். அப்பல்லோ பிழைகளிலிருந்து கற்றதைக் கொண்டு, பிழை நுழைந்த பிறகு தேடிப்பிடிப்பதற்குப் பதிலாக, நுழையவே இடமில்லாதபடி நிரலை வகுக்கும் முறையை உருவாக்க முயன்றார்கள். 1986இல் தன் பெயரிலேயே மற்றொரு கம்பெனி. அந்த முறை பரவலாகவில்லை. சந்தைக்கு வேண்டியிருந்தது சீக்கிரம் முடிவது. பிழையில்லாமல் முடிவது இல்லை. பிழையைத் திருத்துவதே தனி வியாபாரமாகிவிட்ட உலகத்தில் பிழையே வராத முறையை யார் வாங்குவார்கள்? அவர் வாழ்க்கையின் மிக நீளமான பகுதி இதுதான். இதைப் பற்றி யாரும் பொம்மை செய்யவில்லை.

2003இல் நாசா அவருக்கு 37,200 டாலர் பரிசு தந்தது. அதுவரை தனிநபர் ஒருவருக்குத் தந்ததிலேயே பெரிய தொகை. நிலவில் இறங்கி 34 ஆண்டு கழித்து. 2016இல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம். அதே மேடையில் மறைந்த கிரேஸ் ஹாப்பருக்கும். 1969இல் எடுத்த ஒரு படம் உலகமெங்கும் பரவிற்று: தன் உயரத்துக்கு அடுக்கிய நிரல் தாள்களின் பக்கத்தில் சிரித்தபடி நிற்கும் இளம்பெண். அத்தனையும் அவரே எழுதியது என்று பலர் எழுதினார்கள். அப்படியில்லை. முன்னுரிமைப்படி வேலைகளை அடுக்கும் அடிப்படை ஹால்கோம் லேனிங் செய்தது. நிலவிலிறங்கும் பகுதியில் ஆலன் கிளம்ப், டான் ஐல்ஸ் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. அது ஒரு கூட்டுப் பிரதி. இதைச் சுட்டிக்காட்டி அவரைக் குறைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கவனித்தால், ஆண்கள் விஷயத்தில் ‘கூட்டு உழைப்பு’ என்ற ஞானம் இவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை.

ஆனாலும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மறைக்கப்பட்ட நாயகியைக் கண்டெடுத்தல் என்ற கதையாடல், நாயகன் இருந்த நாற்காலியில் நாயகியை உட்காரவைக்கிறது. நாற்காலி அப்படியே இருக்கிறது. தாளடுக்கின் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்த கண், அந்தத் தாளைக் கயிறாக்கிய வால்தம் பெண்களைத் தேடுவதில்லை. பிழைக்கு ஓர் ஆள் தேடுகிற அதே பழக்கம்தான் புகழுக்கும் ஓர் ஆள் தேடுகிறது. ஹாமில்டனின் சிந்தனையையே ஹாமில்டனுக்குப் பொருத்திப் பார்த்தால் இந்த இடத்துக்குத்தான் வருவோம்: சாதனையும் இருவருக்கு நடுவே நடப்பது.

6

இங்கே திரும்புவோம். அரியலூரில் பிறந்த என். வளர்மதி கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் அண்ணா பல்கலைக்கழகத்திலும் பொறியியல் படித்து 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய ரிசாட்-1, 1858 கிலோ எடையோடு 2012 ஏப்ரல் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதல் ரேடார் படப்பிடிப்புச் செயற்கைக்கோள் அது. இஸ்ரோவில் செயற்கைக்கோள் திட்டம் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய இரண்டாவது பெண். 2011இல் ஜிசாட்-12க்குப் பொறுப்பேற்ற டி.கே. அனுராதாவுக்கு அடுத்தவர். 2015இல் தமிழக அரசு அப்துல் கலாம் பெயரில் விருது ஏற்படுத்தியபோது முதல் விருது இவருக்கு வந்தது. அவர் துறை மென்பொருள் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் செய்யும் துண்டுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களைக் காப்பதுதான் திட்ட இயக்குநரின் வேலை. அந்த வகையில் ஹாமில்டன் கவலைப்பட்ட இடமும் இவர் நின்ற இடமும் ஒன்று. இன்னொன்று: அந்த ரேடார் கண்ணுக்கு இரவு தடையில்லை, மேகம் தடையில்லை. பொழிகிற மழையில், இருட்டில், ஆறு எங்கே கரை மீறியது என்று காட்டும். அது இருந்திருந்தால் 1956இல் வண்டி விழுந்திருக்காது என்று சொல்லவரவில்லை. தெரிவது வேறு, தெரிந்ததைக் கேட்க ஒரு காது இருப்பது வேறு.

என் தங்கை பெரம்பலூர்ப் பக்கத்து ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி படித்தாள். பருத்தி எடுத்துக் கஞ்சி குடித்த வீட்டில் முதல் பட்டதாரிப் பெண். அமெரிக்காவில் பெண்கள் கணினி வகுப்பைவிட்டு வெளியேறிய அதே காலத்துக்குப் பிறகு நம்மூரில் பெண்கள் அதற்குள் கூட்டமாக நுழைந்தார்கள். மேலைப் பெண்ணியத்தின் வரைபடம் அப்படியே நமக்குப் பொருந்தாது. இங்கே காரணம் வேறு: வெயில் படாத வேலை, கட்டடம் கட்டுகிற இடத்துக்கு அலைய வேண்டாம், ஏசி ரூம், மாப்பிள்ளை வீட்டார் மறுக்கமாட்டார்கள். கதவு திறந்திருந்தது, எந்த மாடி என்பதை மட்டும் உள்ளே இருப்பவர்கள் தீர்மானித்தார்கள். சென்னையில் ஒரு கம்பெனியில் அவளுக்குக் கிடைத்தது பிழை சோதிக்கும் பிரிவு. பொறுமையும் நுணுக்கமும் வேண்டிய வேலை, பெண்களுக்குச் சரியாக வரும் என்றார்களாம். எங்கேயோ கேட்ட குரல்!

போன தீபாவளிக்கு வந்தவளிடம் ஹாமில்டன் கதையைச் சொன்னேன். பி-01 இடத்தில் சிரித்துவிட்டாள்.

‘இதுல என்ன அதிசயம் அண்ணே? யாரும் இந்தப் பட்டனை அமுக்க மாட்டாங்கன்னு எங்க கிட்டயும் சொல்வாங்க. ஆயிரம் தடவை ஒழுங்கா ஓடினா எங்க பேரு எங்கயும் இருக்காது. ஒரு தடவை விழுந்தா மொத மெயில் எங்களுக்குத்தான் வரும், நீ ஏன் பார்க்கலன்னு.’

‘எழுதினவனுக்கு?’

‘அவருக்கு அடுத்த ப்ராஜெக்ட் வரும்.’

1956 நவம்பர் 23க்குச் சரியாக 51 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், 2007இல், பெரம்பலூரிலிருந்து பிரிந்து அரியலூர் மறுபடி தனி மாவட்டமாயிற்று. தேதி தற்செயல்தான். இரண்டு மாவட்டத்துக்கும் நடுவே இப்போதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. அடிபட்டுச் சாகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கவனமில்லாமல் குறுக்கே வந்தவர்கள் என்றே செய்தியில் எழுதப்படுகிறார்கள். எழுதுகிற நம் கைக்கும் அந்த வாக்கியம் பழகிப்போய்விட்டது. ஹாமில்டனிடமிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்குமானால், அந்த வாக்கியத்தை எழுதும் முன் ஒரு கணம் நிறுத்தி, இந்தப் பிழை யாருடையது என்று கேட்பதுதான். கேட்டுவிட்டு, ஓர் ஆளின் பெயரைப் பதிலாக எழுதாமலிருப்பதும்.